இல்லாத பிள்ளைக்குச் சுரந்த பால்

சாத்தூரில் ஒரு மண்டபத்தில் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பேர் வைக்கிற விசேஷம். பந்தி முடிந்து கை கழுவ எழுந்த அழகுமீனா தொட்டிலைத் தாண்டிப் போகும்போது உள்ளே கிடந்த பிள்ளை பசியில் வீறிட்டு அழுதது. அந்தக் கணத்தில் அவள் மார்பு இரண்டும் கடுத்து ரவிக்கை நனைந்தது. யாரோ தண்ணீரைச் சிந்திவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். தொட்டுப் பார்த்தால் பிசுபிசுப்பாக இருந்தது. அவளுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான நாலு வருஷத்தில் ஒரு முறைகூட உண்டானதில்லை. மாமியார் வெள்ளைத்தாய் ஓடிவந்து தன் முந்தானையால் மருமகளின் மார்பை மூடிச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனாள். "யாருகிட்டயும் சொல்லிக்கிடாத. சூட்டு ஒடம்பு, வேற ஒண்ணுமில்ல" என்றாள். மாமியாரின் முகத்தில் ஆச்சரியமே இல்லை, பயம்தான் இருந்தது. அது அழகுமீனாவின் கண்ணில் பட்டது. ஆனால் அந்த நாட்களில் எதையும் முழுசாக யோசித்து முடிக்க அவளால் முடியவில்லை. ஒரு நினைப்பு வரும், பாதியில் கரைந்துபோகும்.

முன்பு அவள் அப்படி இருந்தவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற ஆபீஸில் வேலை பார்த்தாள். தேதித் தாளில் ஒரு பண்டிகை இடம் மாறியிருந்தால் முதலாளியிடமே நேராகப் போய்ச் சொல்கிறவள். வெம்பக்கோட்டைக்குப் போகிற வழியில் இருக்கிற ஊரில், கரிசல் நிலமும் மினி லாரியும் வைத்திருந்த சிவபாண்டிக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். சிவபாண்டியின் தாய்மாமன் உக்கிரபாண்டி தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். முறைக்கு அவளுக்குச் சித்தப்பா. அந்த உறவை நம்பித்தான், அப்பா அம்மா இல்லாத தன் தங்கச்சி பாண்டிச்செல்வியை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டாள். பெட்டி ஒட்டுகிற வேலை, ஆபத்தில்லை என்றார் சித்தப்பா.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், தீபாவளி சீசனில் ஒரு காலையில் பாண்டிச்செல்வி போன் பண்ணினாள். "அக்கா, இன்னைக்கு என்னை வெடிக்கு மருந்து அடைக்கிற ரூமுல உக்காரச் சொல்லிட்டாக. ஆளு பத்தலையாம். சித்தப்பாவே வந்து சொன்னாக" என்றாள். எரிச்சலாகத்தான் சொன்னாள், பயந்த மாதிரி இல்லை. மதியம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பெண்கள் ஒரே மாதிரி வாசலுக்கு ஓடிவந்து, எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். அழகுமீனாவும் பார்த்தாள். நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாண்டிச்செல்வியைத் துணியில் சுற்றி, மூட்டையின் வாயைத் தைத்துக் கொடுத்தார்கள், பிரிக்கக் கூடாது என்று சொல்லி.

காரியம் முடிந்த கையோடு அழகுமீனா உக்கிரபாண்டியின் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினாள். பெட்டி ஒட்ட வந்தவளை மருந்தில் உட்கார வைத்தது யார் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் தான் சாட்சி சொல்லப்போவதாகவும் சொன்னாள். அன்றைக்குத்தான் சிவபாண்டி அவளை மதுரைக்குக் கூட்டிப்போனான். ராத்திரியெல்லாம் தூங்காமல் அலறுகிறாள், கண்டதைப் பேசுகிறாள் என்று டாக்டரிடம் சொன்னான். அவள் அழுதாள். அழுததும் அவன் சொன்னதற்குச் சாட்சியாகிவிட்டது. கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார். அந்தக் கொஞ்ச நாள் முடிந்தபோது சிவபாண்டியே மாத்திரை அட்டையைக் கசக்கிக் குப்பையில் போட்டான். "இனி மாத்திரை வேண்டாம், ஒனக்குச் சரியாப் போச்சு" என்றான். அன்று மாலையிலிருந்து மாமியார் பனங்கற்கண்டு போட்டுப் பால் காய்ச்சிக் கொடுக்கத் தொடங்கினாள். தங்கச்சியைப் பறிகொடுத்தவளுக்கு மாமியார் தினமும் கையில் பால் கொடுக்கிறாளே என்று ஊரே மெச்சியது. அழகுமீனாவும் நன்றியோடுதான் குடித்தாள்.

அதிகாரி முன்னால் உட்கார வைத்தபோது அவர் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை கேட்டார். பதில் அவளுக்குத் தெரியும். தங்கச்சியின் குரல்கூடக் காதில் இருந்தது. ஆனால் நாக்கு வரைக்கும் வார்த்தை வந்து சேரவில்லை. சுற்றுகிற காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்துக்கிடுங்க சார், இதான் பிள்ளையோட நெலம" என்று உக்கிரபாண்டி வருத்தத்தோடு சொன்னார். அவர் கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. அதற்குப் பிறகு கேஸ் கோர்ட்டுக்குப் போய் வாய்தா மேல் வாய்தாவாக இழுத்துக்கொண்டிருந்தது.

அந்த மாதத்திலிருந்து அவளுக்குத் தீட்டு வரவில்லை. உண்டாகியிருக்கிறாள் என்று முதலில் நினைத்தார்கள், அதுவும் இல்லை. உடம்பு பருத்தது, முகம் உப்பியது, எந்நேரமும் தூக்கம். எந்திரி என்றால் எழுந்தாள், உட்கார் என்றால் உட்கார்ந்தாள். சிவபாண்டி அவள் பக்கத்தில் படுப்பதை நிறுத்தினான். அவளுக்கு அது குறையாகவே தெரியவில்லை, எதுவுமே அவளுக்குக் குறையாகத் தெரியவில்லை. பிறகு மார்பில் அந்த ஈரம். வற்றிப்போனவள், காய்க்காத மரம் என்ற பேச்சு மெல்லக் கிளம்பியது. சிவபாண்டிக்கு இரண்டாந்தாரமாகக் கட்ட ஆலங்குளத்தில் ஒரு பெண் இருப்பதாக உக்கிரபாண்டி தகவல் கொண்டுவந்தார். சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்துச் செத்துப்போனவரின் மகள், தாய் மட்டும்தான். அந்தத் தாய் கற்பகம் ஒன்றே ஒன்று கேட்டாள். முதல் சம்சாரத்துக்குப் பிள்ளை பிறக்காது என்று ஒரு டாக்டர் வாயால் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வெள்ளைத்தாய் மருமகளை விருதுநகருக்குக் கூட்டிப்போனாள். எந்த டாக்டராக இருந்தால் என்ன என்று நினைத்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே விசாரித்து உள்ளே நுழைந்தாள்.

டாக்டர் நாதியா ஐம்பது வயசுக்காரி. மருமகளுக்குப் பதிலாக வெள்ளைத்தாயே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் கேட்டாள். ரத்தமெடுத்தாள், தலையை ஸ்கேன் எடுத்துவரச் சொன்னாள். இரண்டாவது தடவை போனபோது, "பரிசோதனை பண்ணணும், நீங்க வெளிய இருங்கம்மா" என்று மாமியாரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல டாக்டர்."

"தூக்கத்துக்கு, மனசுக்கு, வாந்திக்கு, வயித்துக்கு. எதுவுமே இல்லையா?"

"முன்ன சாப்பிட்டேன். நிப்பாட்டி ரொம்ப நாளாச்சு."

நாதியா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு மெதுவாக, அவசரமில்லாமல் சொன்னாள். "மூளையில டோபமின்னு ஒண்ணு சுரக்கும்மா. அதுக்குப் பல வேலை. அதுல ஒண்ணு, பால் சுரக்க வைக்கிற ஹார்மோனை அமுக்கிப் பிடிச்சு வைக்கிறது. பிள்ளை பெத்தாத்தான் அந்தப் பிடி தளரும். மனநோய்க்குக் குடுக்கிற சில மாத்திரை அந்த டோபமினை வேலை செய்ய விடாது. பிடி விட்டுப்போகும், பால் ஹார்மோன் ஏறிடும். அது ஏறுனா, கருப்பைக்கும் சினைப்பைக்கும் மூளையிலருந்து போற சேதி நின்னுபோகும். தீட்டு வராது, கரு தங்காது. உங்களுக்கு அது அஞ்சாறு மடங்கு ஏறியிருக்கு. தலையில கட்டி இருந்தாலும் ஏறும், ஸ்கேன்ல அப்படி எதுவும் இல்ல. உங்க ஒடம்பு என்ன நெனச்சுக்கிட்டு இருக்கு தெரியுமா? மடியில ஒரு கைக்குழந்தை இருக்கு, அதுக்குப் பால் குடுத்துக்கிட்டிருக்கோம்னு நெனச்சுக்கிட்டிருக்கு."

அழகுமீனா தன் மடியைக் குனிந்து பார்த்தாள்.

"நீங்க மலடி இல்ல. யாரோ குடுக்கிறாங்க" என்றாள் நாதியா. "போலீசுக்குச் சொல்லணும்னா நான் சொல்றேன்."

"வேண்டாம் டாக்டர். நான் பாத்துக்கிடுறேன்" என்றாள் அழகுமீனா. ரெண்டு வருஷத்தில் அவள் முழுசாகச் சொல்லி முடித்த வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். நாதியா தன் நம்பரைக் கொடுத்தாள். நிறுத்தினால் சில நாள் தூக்கம் கெடும், கை நடுங்கும், தாங்க முடியாவிட்டால் கூப்பிட வேண்டும் என்றாள். வெளியே காத்திருந்த மாமியாரிடம், வைத்தியத்துக்கு நாள் ஆகும் என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் ஏறுவதற்குள் வெள்ளைத்தாய் அதை, டாக்டர் கையை விரித்துவிட்டாள் என்று போனில் தம்பி உக்கிரபாண்டிக்குச் சொல்லிவிட்டாள்.

அன்று மாலை அழகுமீனா கொல்லைப்பக்கத்து ஜன்னல் வழியாக அடுப்படியைப் பார்த்தாள். மாமியார் மிக்ஸிக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். வெள்ளை மாத்திரையைக் கடப்பைக் கல்லில் வைத்துக் கரண்டிப் புறத்தால் நசுக்கி, தூளை விரலால் வழித்துப் பாலில் போட்டுக் கலக்கினாள். வெங்காயம் நறுக்குகிறவளின் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவள் முகம் இருந்தது. அதைக்கூட அழகுமீனாவால் தாங்க முடிந்தது. ரெண்டு நாள் கழித்துச் சிவகாசியிலிருந்து லாரியில் வந்திறங்கிய சிவபாண்டி, வாழைப்பழத்தோடு ஒரு காகிதக் கவரையும் அம்மாவிடம் நீட்டி, "இந்தாம்மா, தீந்துருக்கும்ல" என்று கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று மனசின் ஒரு மூலையில் வைத்திருந்தாள். அந்த மூலையும் போயிற்று.

பாலை வாங்கிக்கொண்டு குளியலறைக்குப் போய் ஊற்றிவிட்டு, ஒரு செம்புத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவாள். வாயை மட்டும் நனைத்துக்கொள்வாள், மேலுதட்டில் வெள்ளை இருப்பதற்காக. முதல் வாரம் உடம்பு அவள் சொன்னதைக் கேட்கவில்லை. கை நடுங்கியது, காலை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை. பிறகு, மரத்துப்போன காலில் ரத்தம் இறங்குகிற மாதிரி ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. முதலில் கோபம் வந்தது. அதற்குப் பிறகுதான் தங்கச்சி வந்தாள். பாண்டிச்செல்வி செத்துப்போய் ரெண்டு வருஷம் கழித்து அவளுக்காகக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வரும்போது முகத்தைப் பழையபடி தொங்கவிட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்தாள். மந்தமாக இருப்பது எப்படி என்று அவர்கள்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்களே.

சட்டினி அரைக்கும்போது, மிக்ஸிக்குப் பின்னால் இருக்கிற அட்டையைப் பற்றியே நினைப்பாள். மாமியார் குடிக்கிற மோரில் போடலாம். சிவபாண்டியின் காப்பியில் போடலாம். அவனுக்கும் மார்பு கனக்கட்டும், அவனும் ஆண்மை அற்று, எதற்கு உயிரோடிருக்கிறோம் என்பதே மறந்து கட்டிலில் கிடக்கட்டும். இந்த நினைப்பு அவளுக்குக் கருப்பட்டி போல இனித்தது. நாக்கில் வைத்துக் கரையவிட்டுக்கொண்டே இருந்தாள். அவசரப்படவில்லை.

மார்பில் ஈரம் வற்றியது. ஒரு காலையில் அடிவயிறு இழுத்துப் பிடித்தது. குளியலறைக் கல்லில் விழுந்த ரத்தத்தை அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். வயசுக்கு வந்த அன்றைக்குக்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டில் தூரமான பெண் அடுப்படிக்குள் வரக் கூடாது, சாமி மாடத்தின் பக்கம் நிழல்கூடப் படக் கூடாது. அழகுமீனா தலைக்குக் குளிக்காமலே அடுப்படியில் நின்று சமைத்தாள், மாடத்தில் விளக்கேற்றினாள். குலசாமிப் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்ற மாமியாரின் நெற்றியில் தன் கையாலேயே திருநீறு பூசிவிட்டாள். வெள்ளைத்தாய் சாமியிடம் உருக்கமாக வேண்டிக்கொண்டிருந்தாள். அழகுமீனாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலங்குளத்துக்காரர்கள் வீடு பார்க்க வந்தார்கள். கற்பகமும், அவளுடைய அண்ணன் அய்யப்பனும், கூட ரெண்டு பெண்களும். உக்கிரபாண்டி பெரிய நாற்காலியில் உட்கார்ந்து பேச்சை நடத்தினார். சிவபாண்டி வெள்ளைச் சட்டை போட்டு, மாப்பிள்ளை மாதிரியே தலைகுனிந்திருந்தான். அன்று பால் காலையிலேயே வந்திருந்தது. "இன்னைக்கு வேல நெறயக் கெடக்கு. குடிச்சிட்டுத் தெம்பா இரு" என்று மாமியார் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். கல்லில் மூன்று மாத்திரை நசுங்கியதை அழகுமீனா பார்த்திருந்தாள். பாலைக் கொட்டவில்லை. ஆறவிட்டு மூடி வைத்திருந்தாள்.

"மீனா, எல்லாருக்கும் காப்பி கொண்டாத்தா" என்று வெள்ளைத்தாய் கூப்பிட்டாள். வந்தவர்கள் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே குரலில் அவ்வளவு பாசம்.

அழகுமீனா அந்த ஒரு டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து நிலையைத் தாண்டாமல் நின்றாள். "நான் தூரம் அத்தே. அடுப்படிக்குள்ள எப்படிப் போக?"

அன்று அவள் தூரமில்லை. அது வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் அவள் அதற்காகக் காத்திருக்கத் தயாராக இல்லை.

கற்பகம் நிமிர்ந்தாள். "தூரமா? அதெல்லாம் நின்னு போச்சுன்னுல்ல சொன்னீக?"

"நின்னுதான் இருந்துச்சு" என்றாள் அழகுமீனா. "இவுக தெனமும் பாலுல மாத்திரை கலந்து குடுத்தாக, நின்னுச்சு. குடிக்கிறத விட்டேன், வந்துருச்சு. விருதுநகர்ல டாக்டரம்மாகிட்ட வேணும்னா கேளுங்க. நான் மலடி இல்ல."

உக்கிரபாண்டிதான் முதலில் சிரித்தார். "தங்கச்சி போனதுலருந்து பிள்ளைக்கு இப்படித்தான். என்னமாச்சும் சொல்லும். நீங்க மனசுல வச்சுக்கிடாதீக."

"எந் தங்கச்சி எப்படிப் போனான்னு நீங்களே சொல்லிருங்க சித்தப்பா. ஆலங்குளத்துக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"புத்தி சரியில்லாதவ பேச்சக் கேட்டுக்கிட்டு" என்று சிவபாண்டி எழுந்தான். அவள் டம்ளரை அவனுக்கு நேராக நீட்டினாள்.

"காலையில அத்தே எனக்குக் குடுத்தது. வெறும் பாலுதான? நீங்களே குடிங்க."

அவன் டம்ளரைப் பார்த்தான். பிறகு வந்தவர்களைப் பார்த்தான். புதுச் சொந்தத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் பாலுக்குப் பயந்தவனாக நிற்க அவனால் முடியவில்லை. வாங்கிவிட்டான். வாய்க்குக் கொண்டுபோனபோது வெள்ளைத்தாய் இடத்தைவிட்டு எழுந்துவிட்டாள்.

"ஏலே, வேண்டாம்லே. குடிக்காத."

அவளே எதிர்பார்க்காமல் அவள் வாயிலிருந்து விழுந்த வார்த்தை அது. சிவபாண்டி அம்மாவை ஒரு தடவை பார்த்தான். ஆனாலும், இப்போது டம்ளரைக் கீழே வைத்தால் எல்லாம் முடிந்தது என்று தெரிந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தான். கற்பகம் அவனைப் பார்க்கவில்லை. வெள்ளைத்தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் வேண்டாம்ங்கிறீக?" என்று கேட்டாள்.

கற்பகம் தட்டில் இருந்த வெற்றிலை பாக்கைத் தொடாமல் எழுந்தாள். அண்ணனும் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "எம் மகளுக்கும் பால் காச்சித் தந்திருப்பீக" என்றாள். அவர்கள் வந்த கார் கிளம்பிப் போனது. உக்கிரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அக்காவையும் பார்க்கவில்லை, மருமகனையும் பார்க்கவில்லை. அழகுமீனா அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, "அடுத்த வாய்தாவுக்கு நான் கோர்ட்டுக்கு வர்றேன் சித்தப்பா. எனக்கு இப்ப எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள். அவர் படியிறங்கிப் போனார்.

விருந்துக்குச் சமைத்தது அத்தனையும் மூடியபடி கிடந்தது. சிவபாண்டி கொஞ்ச நேரம் கத்தினான். அவளை அடிக்கக் கையை ஓங்கினான். அவள் நகராமல் நின்றதைப் பார்த்துக் கையை இறக்கினான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் அப்படியே இருந்தான். வெயில் முற்றத்தைத் தாண்டிச் சுவரில் ஏறியபோது அவன் தலை தொங்கத் தொடங்கியது. வாயோரம் எச்சில் வழிந்து வெள்ளைச் சட்டையில் சொட்டியது. வெள்ளைத்தாய் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கொண்டுவந்தாள், முகத்தில் தண்ணீர் அடித்தாள். "ஏலே, அம்மாவப் பாரு, இங்கன பாருலே" என்று கன்னத்தைத் தட்டினாள். அவன் பார்த்தான். பார்த்தது யாரை என்று அவனுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"ஆத்தா, அந்த டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போடுத்தா" என்று வெள்ளைத்தாய் மருமகளின் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு நம்பர் தெரியும்ல. எம் பிள்ளைக்கு என்னமும் ஆயிருமா?"

ஒரு நாள் பூராவும் தூங்குவான், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்று அழகுமீனாவுக்குத் தெரியும். முதல் தடவை சாப்பிட்டபோது அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. போன் அவள் கையில்தான் இருந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமியாரின் கண்ணில் நிறைகிற தண்ணீரை, அது இமையைத் தாண்டி உருளும்வரை, பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே எங்கோ ஓர் இடம் இளகும் என்று எதிர்பார்த்தாள். இளகவில்லை.

"எனக்கு ரெண்டு வருசமா ஒண்ணும் ஆகலையே அத்தே" என்றாள்.

பிறகு நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். பெரிய குரலெல்லாம் இல்லை, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"எந்திரிங்க."

சிவபாண்டி நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்து நின்றான்.

"உக்காருங்க."

உட்கார்ந்தான். வெள்ளைத்தாய் எலுமிச்சைத் தண்ணீரைக் கையில் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழகுமீனா இன்னொரு முறை சொன்னாள். அவன் மறுபடியும் எழுந்தான், தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்க, கூப்பிட்டது எந்தப் பக்கத்திலிருந்து என்று சுவரில் தேடிக்கொண்டே.